ஒண்ணு போட்டா மூணு!

என் சித்தி பையன் கும்பகோணத்தில் பிறந்து, கும்பகோணத்திலேயே படித்து, வேலை மட்டும் நொய்டாவில் கிடைத்த ஆசாமி. போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு சித்தியிடமிருந்து போன். "உன் தம்பி செத்துப் பொழைச்சிருக்கான்டா!" என்று ஒரே அழுகை.

நடந்தது இதுதான். வெளியே 4 டிகிரி. அறையில் இவனும் ரூம்மேட்டும். ரூம்மேட் வடக்கத்திப் பையன். எங்கிருந்தோ ஒரு 'அங்கீட்டி' கொண்டு வந்திருக்கிறான். நம்ம ஊர் கும்மட்டி அடுப்புதான். அதில் கரியைப் பற்ற வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய பனியனையும் திணித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவனுக்குத் தலை கிறுகிறு. தட்டுத் தடுமாறி வாசல் கதவைத் திறந்ததோடு விழுந்துவிட்டான். எதிர் வீட்டுக்காரர் பார்த்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்.

கடவுள் காப்பாற்றினார் என்கிறாள் சித்தி. ராத்திரி குடித்த இரண்டு டம்ளர் ரசம்தான் காப்பாற்றியது என்பது என் கட்சி.

கரி அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். டெல்லிப் பக்கம் குளிர்காலம் வந்தாலே, மூடிய அறையில் அங்கீட்டி வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றி பேப்பரில் செய்தி வரும். தூக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

"நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டு ஒரு நல்ல ஹீட்டரா பாத்துச் சொல்லுடா. பணம் நான் தரேன்" என்றாள் சித்தி. சென்னையில் 22 டிகிரிக்கே மஃப்ளர் கட்டும் பரம்பரை நாம். நமக்கு ஹீட்டரைப் பற்றி என்ன தெரியும்?

தம்பியைக் கடைக்கு அனுப்பினேன். அங்கிருந்தே போன் பண்ணினான். "அண்ணா, ஹீட்டரே வேணாம், 'ஹாட் அண்ட் கோல்டு' ஏ.ஸி. எடுங்கறான் கடைக்காரன். ஒரு யூனிட் கரண்டு போட்டா மூணு யூனிட் சூடு வருமாம்!"

"டேய், உடனே வெளியில வா!" என்றேன்.

பின்னே? தொண்ணூறுகளில் 'ஒண்ணு போட்டா மூணு' என்று சொன்ன ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பணத்தைக் கட்டிவிட்டு, பூட்டிய ஷட்டரைத் தரிசித்துவிட்டு வந்தவர் என் அப்பா. அந்த ரத்தம்தானே!

ஆனால் ஒரு வாரம் படித்துப் பார்த்ததில், கடைக்காரர் சொன்னது நிஜம்.

கிணற்று மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரைத் தயாரிப்பதில்லை. கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது, அவ்வளவுதான். ஏற்றுகிற கூலிக்குத்தான் கரண்டு செலவு. ஹீட் பம்ப் என்பதும் இதே சமாசாரம். சாதாரண ஹீட்டர் கரண்டை எரித்துச் சூட்டைத் தயாரிக்கிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு. அதற்கு மேல் ஒரு பைசா பெயராது. ஹீட் பம்ப் சூட்டைத் தயாரிப்பதில்லை. வெளியே இருப்பதை உள்ளே ஏற்றுகிறது. வெளியிலிருந்து இரண்டு யூனிட்டை வாரி, தான் தின்ற ஒரு யூனிட்டையும் சேர்த்து, மூன்றாக அறைக்குள் கொட்டுகிறது.

'வெளியேதான் 4 டிகிரி ஆயிற்றே, அங்கே ஏது சூடு?' என்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். நமக்குத்தான் அது குளிர். ஏ.ஸி.க்குள் ஓடும் ஆர்-32 என்கிற திரவம் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு டெல்லி ஜனவரி என்பது சித்திரை வெயில்! வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுவிட்டு, ஆவி மறுபடி திரவமாகிறது. திரும்ப வெளியே போகிறது.

உங்கள் அறையில் ஓடும் ஏ.ஸி.யும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறது. உள்ளேயிருந்து சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. (வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் செடி வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) 'ஹாட் அண்ட் கோல்டு' மாடலில் கூடுதலாக ஒரு நாலு வழி வால்வு. அதைத் திருப்பினால் திரவம் போகும் திசை மாறுகிறது. ஜூனில் 45 டிகிரி, ஜனவரியில் 4 டிகிரி என்று இரண்டு பக்கமும் அடி வாங்கும் ஊருக்கு ஒரே பெட்டி போதும்.

இதெல்லாம் நேற்று வந்த சரக்கும் இல்லை. கெல்வின் பிரபு 1852-லேயே கட்டடங்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். ஸூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-ல் ஒன்றை மாட்டினார்கள். அது பக்கத்திலிருக்கும் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து சூடு எடுத்தது. நார்வேயில் இன்று பாதி வீடுகளுக்கு மேல் ஹீட் பம்ப்தான். அந்தக் குளிருக்கு முன்னால் நொய்டா எம்மாத்திரம்!

இனி என் டிபார்ட்மென்ட். 2,000 வாட் ஹீட்டர் ராத்திரி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 16 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 128 ரூபாய். மாதத்துக்கு 3,840. அதே சூட்டை ஹீட் பம்ப் ஐந்தரை யூனிட்டுக்குள் கொடுத்துவிடும். சுமார் 43 ரூபாய். மாதம் 1,300-க்குள் முடிந்தது. இரண்டரை மாதக் குளிருக்கு ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். எப்படியும் கோடைக்கு ஒரு ஏ.ஸி. வாங்கத்தான் போகிறான். குளிர் மட்டும் தரும் மாடலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றிரண்டு குளிர்காலத்தில் எடுத்துவிடலாம் என்று தேய்மானமெல்லாம் போட்டு சித்திக்கு விளக்கினேன். "கரி வேணாம்ல? அது போதும்" என்றாள்.

சில சங்கதிகளை விற்கிறவர்கள் வாய் விட்டுச் சொல்வதில்லை. கிணறு ஆழமாக ஆக மோட்டார் திணறுவது போல, வெளியே குளிர் ஏற ஏற மூன்று என்பது இரண்டரை, இரண்டு என்று இறங்கும். சிம்லா, மணாலி என்று வேலை கிடைத்தவர்கள், எத்தனை டிகிரி வரை சூடு தரும் என்று கேட்டு வாங்குவது உத்தமம். ஏ.ஸி. மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் குளிர்ச்சிக்குக் கொடுத்த மார்க். சூட்டுக்கு அல்ல. சூடான காற்று மேலே ஏறும் என்பதால், குளிர்காலத்தில் காற்று வரும் பட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் சீலிங் ஃபேன் மட்டும் சுகமாக இருக்கும்! ரிமோட்டில் முப்பது வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பதும் பிரமை. பில்தான் சீக்கிரம் சூடாகும். 21, 22 போதும். குளிக்கும் முன் பத்து நிமிஷம் மட்டும் வெதுவெதுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு சாதா ஹீட்டரே தேவலை.

சென்னைவாசிகளுக்கு இந்த வால்வு வேண்டாம். இங்கே யார் வீட்டுக்குள் சூட்டை இழுப்பது? ஆனால் கீஸருக்கு பதில் ஹீட் பம்பில் வெந்நீர் போடும் டாங்க்குகள் வந்திருக்கின்றன. நிறைய பேர் குளிக்கிற ஹாஸ்டல், ஹோட்டல்களுக்கு அது நல்ல கணக்கு. ஒண்டிக்கட்டைக்குக் கட்டுப்படியாகாது.

தம்பி அறையில் மாட்டியாச்சு. அங்கீட்டி தெருவோர டீக்கடைக்குத் தானமாகப் போனது. மூன்றாவது நாள், விடியற்காலை நாலு மணிக்கு போன்.

"அண்ணா! சூடு நின்னு போச்சு. வெளியில பெட்டிலேர்ந்து புகை புகையா வருது!"

புகை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெளியே ஓடு என்று சொல்ல வாயெடுத்தவன், படித்தது ஞாபகம் வந்து நிதானித்தேன். பனிமூட்டத்தில் வெளி யூனிட்டின் கம்பிகளில் ஐஸ் படிந்துவிடும். அதை உருக்க மெஷின் தானாகவே கொஞ்ச நேரம் திசை மாறி ஓடும். அப்போது உள்ளே சூடு வராது, வெளியே ஆவி கிளம்பும்.

"புகை நெடி அடிக்குதா?"

"இல்லண்ணா."

"அப்போ அது ஆவிடா. இட்லிப் பானை மாதிரி. அஞ்சு நிமிஷம் பாரு."

லைனிலேயே இருந்தேன். நாலு நிமிஷம் கழித்து, "வந்துருச்சுண்ணா" என்றான். அப்புறம் பதிலே இல்லை. குறட்டைதான் கேட்டது.

போனை வைக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.