ஓடர் எடுக்க முன் போட்டோவைப் பாருங்கள்

ஸ்டூடியோவும் பிரேம் கடையும் நடத்தும் நம்மவர்களில் சிலர் இப்போது பென்சில் ஓவிய ஓடர்களையும் எடுக்கின்றனர். வாடிக்கையாளர் தரும் போட்டோவை ஓவியரிடம் கொடுத்து, வரைந்து வந்ததும் பிரேம் போட்டுக் கொடுப்பதுதான் வியாபாரம். அதிபரின் பிரியாவிடைக்கு அன்பளிப்பு, மறைந்த பெற்றோரின் நினைவு என்று எல்லா சமூகத்தவரும் தேடி வருவர். உருவம் வரைவதன் மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கு நாம் பேசுவது கொடுக்கல் வாங்கல் பக்கத்தை மட்டுமே.

“இது எங்கட வாப்பா மாதிரி இல்லையே” என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் ஓவியரின் கூலி, கண்ணாடி, பிரேம் அத்தனையும் நட்டம். அந்தப் படத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. பழியை ஓவியர் மீது போடுவோம். ஆனால் பிழை பெரும்பாலும் கடை மேசையிலேயே, போட்டோவை வாங்கிய நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

மறைந்தவர்களுக்காக வருவோர் அநேகமாக அடையாள அட்டைப் படத்தையோ கடவுச்சீட்டுப் படத்தையோதான் நீட்டுவார்கள். கடவுச்சீட்டுப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர். அதில் முகம் சுமார் 3 சென்ரிமீற்றர். ஏ3 தாளில் 20 சென்ரிமீற்றர் முகம் வரைய வேண்டுமென்றால் ஏறத்தாழ ஏழு மடங்கு பெருப்பிக்க வேண்டும். அப்போது கண்ணிமையும் உதட்டோரமும் கலங்கிப் போகும். தெரியாததை ஓவியர் ஊகித்து வரைவார். அந்த ஊகம்தான் வாப்பாவை வேறு ஆளாக்கி விடுகிறது. எனவே, வேறு படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கல்யாண அல்பம், பயணம் போன படம், உறவினர் வீட்டிலுள்ள படம் என்று தேடச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஏ4 அளவில் சிறிதாக வரைந்து தருவதாகச் சொல்லுங்கள். லெமினேட் செய்த அட்டையைக் கையடக்கத் தொலைபேசியால் படமெடுக்க வேண்டாம், பளபளப்பு விழும். அதைப் பிரிக்கவும் வேண்டாம். 1200 டீபீஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பென்சிலுக்கு நிறம் கிடையாது, கறுப்பும் வெளுப்பும் மட்டுமே. நேரே பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் நிழல் இருக்காது, முகம் தட்டையாகத் தெரியும். ஜன்னல் பக்கம் நின்று எடுத்த சாதாரண படம் அதைவிடப் பன்மடங்கு மேல். போட்டோவைக் கம்பியூட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மூக்கின் பக்கத்திலும் தாடையின் கீழும் நிழல் தெரிந்தால் துணிந்து ஓடரை எடுக்கலாம்.

உயிரோடிருப்பவர் என்றால் கடையிலேயே எடுத்துவிடுங்கள். கண் மட்டத்தில், இரண்டு மீற்றர் தள்ளி நின்று, சூம் செய்து எடுக்க வேண்டும். செல்பியில் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். வட்ஸ்அப்பில் அனுப்புவோரிடம் படமாக அல்லாமல் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நுணுக்கம் குறைந்துதான் வந்து சேரும்.

மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவில் போட்டுத் தெளிவாக்கித் தருவோர் இப்போது உண்டு. படம் அழகாகத்தான் வரும். ஆனால் அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானாகச் சேர்த்துவிடும். குடும்பத்தாரிடம் காட்டிச் சம்மதம் பெறாமல் அதை ஓவியரிடம் கொடுப்பது ஆபத்து. ஒரு படத்தின் முகத்துக்கு இன்னொரு படத்தின் கோட்டைச் சேர்ப்பதாயின் இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும்.

எந்த வயதுத் தோற்றம் என்பதையும் கேட்டுவிடுங்கள். மகன் நரைத்த தாடியோடு கேட்பார், உம்மாவோ நாற்பது வயது முகத்தைத் தேடுவார். தெரிவான போட்டோவின் பிரதியை பில்லோடு இணைத்து அதில் கையொப்பம் வாங்குங்கள். மூலப் படத்தைக் கடையில் வைத்திருக்க வேண்டாம். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒன்று மட்டுமாகவும் இருக்கலாம். பின் குத்தாமல் ஓர் உறையிலிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.