வைரத்தின் நிறம் தோஷமா?

பண்ணுருட்டியிலிருந்து காடாம்புலியூர், வடலூர் வழியாகத் தில்லைக்குச் செல்லும் அன்பர்கள், காலையில் நிகழும் இரண்டாம் கால பூஜைக்குள் கனகசபையின் முன் சென்று நிற்க விரும்புவர். அவ்வேளையில்தான் ஸ்படிக லிங்கமாகிய சந்திரமௌலீசுவரரோடு ரத்தினசபாபதிக்கும் அபிஷேகம் நடைபெறுகிறது. மாணிக்கத் திருமேனியின் முன்னும் பின்னும் தீபம் காட்டப்படும்போது, ஒளி கல்லினூடே ஊடுருவ, ஆடல்வல்லான் செந்நிறமாய்ச் சுடர்விடும் காட்சி கண்டோர் நெஞ்சை விட்டு அகலாது. அருகே இருக்கும் ஸ்படிகமோ நிறமின்றி நீர்போல் தெளிந்து விளங்கும்.

ஒரு கல் சிவந்தும் மற்றொன்று நிறமற்றும் இருப்பது ஏன்? மாணிக்கம் என்னும் கல்வகை, அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து உருவானது. தூய நிலையில் அதற்கும் நிறமில்லை. குரோமியம் என்னும் உலோகம் சிறிதளவு அதனுள் கலப்பதாலேயே செம்மை தோன்றுகிறது. நவரத்தினங்களுள் சுக்கிரனுக்கு உரியதாகப் போற்றப்படும் வைரமும் இவ்வாறே நிறம் பெறுகிறது.

இதனை அறியாமையால் வருந்தும் இல்லங்கள் உண்டு. பாட்டி அணிந்திருந்த வைரத்தோட்டில் மஞ்சள் சாயல் தெரிகிறது, அது தோஷம் என்று எவரேனும் சொல்லிவிட்டால், அந்தத் தோடு பெட்டிக்குள் அடைபடுகிறது. அல்லது வந்த விலைக்குக் கைமாறுகிறது. மூக்குத்திக் கல் மங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அஞ்சுவோரும் உளர்.

வைரம் என்பது கரியே. பூமிக்கு அடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் வெப்பமும் அழுத்தமும் கரியணுக்களை இறுகப் பிணைத்து அதனை உருவாக்கின. பல வைரங்களின் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். எரிமலைக் குழம்பே அவற்றை மேலே கொண்டு வந்தது. கரியணுக்கள் மட்டும் ஒழுங்காக அமைந்த கல் நிறமற்றது. ஆயினும், பெரும்பாலான வைரங்களில் நைட்ரஜன் சிறிதேனும் கலந்திருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடாக இருக்கும் அதே நைட்ரஜன்தான். அது ஒளியின் நீலப் பகுதியை உட்கொள்ளும்போது கல் மஞ்சளாய்த் தோன்றுகிறது.

முதியோர் பெரிதும் விரும்பும் 'ப்ளூ ஜாகர்' கல்லின் கதையும் இதனோடு தொடர்புடையது. தென்னாப்பிரிக்காவில் 1870ஆம் ஆண்டு வைரம் கிடைத்த ஜாகர்ஸ்ஃபாண்டெய்ன் என்னும் ஊரின் பெயரே அவ்வாறு மருவியது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் சில கற்கள் நீலமாய் ஒளிர்கின்றன. அந்த ஒளிர்வுக்கும் பெரும்பாலும் நைட்ரஜன் அணுக்களே காரணம். ஒரு கல்லில் மஞ்சளைத் தந்து வெறுக்கப்படும் பொருளே, மற்றொரு கல்லில் நீல ஒளிர்வைத் தந்து விலையேற்றம் பெறுகிறது.

மெய்யான நீல வைரம் வேறு. பத்து லட்சம் அணுக்களில் ஒன்றிரண்டு போரான் அணுக்கள் இருந்தாலே கல் நீலமாகிவிடும். வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் உள்ள 45.52 காரட் 'ஹோப்' வைரம் அவ்வகையைச் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தவெர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற கல்லிலிருந்து அது தீட்டப்பட்டது. தெய்வத் திருமேனியிலிருந்து திருடப்பட்டதால் அது சாபம் பெற்றது என்ற கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை.

பச்சை நிறம், பூமியிலுள்ள கதிரியக்கத் தாதுக்கள் கல்லின் மீது பட்டதால் விளைவது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள பச்சை வைரம் இதற்குப் பெயர் பெற்றது. இளஞ்சிவப்புக்குப் பெரும்பாலும் அயற்பொருள் எதுவும் காரணமன்று. நிலத்தடி அழுத்தத்தால் அணுக்களின் அடுக்கு சற்றே பிறழ்ந்ததே காரணம். கோல்கொண்டா நாட்டில் பிறந்து, இன்று ஈரானில் உள்ள 'தரியா-இ-நூர்' இந்நிறத்தது. பல கரிய வைரங்களில் நுண்ணிய கிராஃபைட் துகள்கள் செறிந்திருக்கும்.

நம் முன்னோர் இந்நிறங்களை அறிந்திருந்தனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பூனைக்கண், வாகைமலர், கோமூத்திரம், ஸ்படிகம் முதலியவற்றை ஒத்த வைர நிறங்களைப் பட்டியலிடுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை ரத்தினக் கடைவீதியில் இருந்த நால்வகை நிற வைரங்களைச் சிறப்பித்தே பேசுகிறது. அங்கே குற்றங்களாகச் சொல்லப்படுபவை காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்னும் நான்கு மட்டுமே. மஞ்சள் சாயல் அந்த நான்கில் இல்லை.

அணிவதால் வைரம் நிறம் மாறுவதில்லை. எண்ணெய்ப் பசை வைரத்தில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைப்போரின் தோடு மங்குவதற்கு அதுவே முதற்காரணம். வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்போ பூந்திக்கொட்டைச் சாறோ கலந்து, மெல்லிய தூரிகையால் கல்லின் அடிப்புறம் வரை துலக்கினால் பொலிவு மீளும். சந்தையில் மஞ்சள் சாயல் விலையைக் குறைக்கலாம். அது வணிகர் கணக்கு. ஆழ்ந்த மஞ்சளுக்கு அவர்களே கூடுதல் விலை தருவதும் உண்டு. வெப்பத்தாலும் கதிரியக்கத்தாலும் செயற்கையாக நிறமேற்றிய கற்களும் விற்கப்படுவதால், நிற வைரம் வாங்குவோர் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் நலம்.

மஞ்சள் சாயல் உள்ள தோடு வீட்டுப் பெட்டியில் உறங்குமானால், அதைத் துலக்கிப் பேத்திக்கு அணிவிக்கலாம். அந்த மஞ்சள், நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அக்கல்லுக்கு இறைவன் இட்ட நிறம்.