பரணில் கிடந்த மெர்க்லின் பெட்டி: பிளக்கில் சொருகுவதற்கு முன்

போன எபிசோடில் மாடல் ரயில் பற்றி போகிற போக்கில் கொஞ்ச நேரம்தான் பேசினோம். அதற்கு வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான். ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கும் நம்மாள் ஒருவர். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்கிறார். "உங்க பையனுக்கு வெச்சுக்கோங்க" என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய ரயிலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இப்போ இதை வைத்து என்ன செய்வது?

அவசரப் பதில் இதுதான்: அந்தப் பெட்டிக்குள் நீல நிறத்தில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதை எடுத்து எட்டாத இடத்தில் வையுங்க. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த நாடுகளில் அந்தப் பெட்டி பெரும்பாலும் மெர்க்லினாகத்தான் இருக்கும். 1859-ல் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோப்பிங்கன் ஊரில் தொடங்கிய கம்பெனி. பொம்மைச் சமையலறைச் சாமான்கள் செய்துகொண்டிருந்தவர்கள், 1891-ல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய ரயிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். எஞ்சினை மட்டும் விற்காமல் தண்டவாள அகலத்தையும் அளவுவாரியாக நிர்ணயித்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். இன்று வாங்கியதோடு அடுத்த வருஷம் வாங்குவது பொருந்தும். நம்ம பாஷையில் சொன்னால், பிளாட்ஃபார்ம் லாக்-இன்! இன்று அதிகம் புழங்கும் எச்-ஜீரோ அளவு, அதாவது 1:87, 16.5 மி.மீ. தண்டவாளம், 1935-ல் அவர்களிடம் வந்தது. 2009-ல் கம்பெனி திவாலாகி, பிறகு 2013-ல் சிம்பா-டிக்கி பொம்மைக் குழுமத்தின் குடும்பம் வாங்கியது. அந்தக் கதைக்கு ஒரு தனி எபிசோடே வேணும்.

சரி, பெட்டியைத் திறப்போம். முதலில் ஒரு எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. வயிற்றில் நீளமான ஒரு உலோகப் பட்டை, ஸ்பிரிங் வைத்து அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி இருக்கிறதா? அப்படின்னா அது மெர்க்லினின் மூன்று கம்பி முறை. தண்டவாளத்துக்கு நடுவே வரிசையாக இருக்கும் சிறு குமிழ்களிலிருந்து அந்தப் பட்டை மின்சாரத்தை எடுக்கும், இரண்டு தண்டவாளங்கள் வழியாகவும் அது திரும்பிப் போகும். பட்டை இல்லையா? அது ஃப்ளைஷ்மன், ரோக்கோ மாதிரி இரண்டு தண்டவாள முறையாக இருக்கும். இரண்டையும் கலக்கக் கூடாது. மெர்க்லின் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு கிடையாது. இரண்டு தண்டவாள முறையில் அதை வைத்தீங்கன்னா அந்த நிமிஷமே ஷார்ட் சர்க்யூட்.

இப்போ அந்த நீலப் பெட்டி. பழைய மெர்க்லின் எஞ்சின் 16 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும். திசை மாற்றுவதற்கு டிரான்ஸ்ஃபார்மர் ஒரு நொடி 24 வோல்ட் அனுப்பும். அந்த அதிர்ச்சியில் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு ரிலே 'டக்' என்று புரண்டு திசையை மாற்றிவிடும். ரொம்ப எளிமையான, அழகான ஏற்பாடு. சிக்கல் என்னன்னா, இவை 220 வோல்ட் காலத்தில் செய்தவை. இன்று சுவரில் வருவது 230. அதனால் 24 என்பது 25-ஐத் தாண்டும், சுமை குறைவாக இருந்தால் இன்னும் மேலே போகும். இரும்பு ரிலே அதைத் தாங்கும், டிகோடர் சில்லு உள்ள எஞ்சின் தாங்காது. அதனால்தான் இப்படிப்பட்ட எஞ்சின்களுக்குப் பழைய 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கூடாது என்று மெர்க்லினே எச்சரிக்கிறது.

சில்லு போனால் காசுதான் நஷ்டம். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும் சாதனம். ஒரே தளத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை மாட்டியிருக்கிறார்கள் என்று வையுங்க. ஒன்றின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குகிறீர்கள். மற்றது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் 16 வோல்ட் தண்டவாளம் வழியாக இந்த டிரான்ஸ்ஃபார்மருக்குள் எதிர்ப்பக்கமாக நுழைந்து, உங்கள் கையில் இருக்கும் பிளக்கின் ஊசிகளில் வீட்டு மின்சார அளவுக்கு உயர்ந்து நிற்கும். சுவரில் இல்லாத பிளக் ஷாக் அடிக்கும் என்று எந்தக் குழந்தைக்குத் தெரியும்? பெரியவர்களுக்கே தெரியாது. அதோடு உள்ளே ஐம்பது, அறுபது வருஷப் பழைய வயர் உறை வேறு. நினைவுப் பொருளாக அலமாரியில் வையுங்க. வயரை வெட்டிவிட்டு வைத்தால் இன்னும் நல்லது. ஓட்டுவதற்கு 230 வோல்ட்டுக்கென்றே செய்த புது டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க. இந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

அடுத்து நோய் பார்க்கணும். மெர்க்லின் எஞ்சின்கள் கனமாக இருப்பதற்குக் காரணம் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும், பல வருஷம் கழித்து உலோகத் துகள்களின் இடைவெளிகளில் அரிப்பு தொடங்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். ஜெர்மன்காரர்கள் இதைத் 'துத்தநாகக் கொள்ளைநோய்' என்றே அழைக்கிறார்கள். மேற்பரப்பில் முடி மாதிரி விரிசல், வண்ணம் கொப்புளித்தல், எஞ்சின் உடல் வளைதல் எல்லாம் அதன் அறிகுறிகள். சில சமயம் அடிச்சட்டம் நீண்டு உடலுக்குள்ளேயே இறுகிப்போய்க் கழற்றவே வராது. முற்றினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். போருக்கு முந்தைய பொருட்களிலும் போர்க்காலத்தை ஒட்டியவற்றிலும் இது அதிகம். ஆனால் பிந்தைய காலத் தயாரிப்புகளிலும், பல கம்பெனிகளிடம், இது எட்டிப் பார்த்திருக்கிறது.

இதற்கு மருந்து இல்லை. பசை, வண்ணம், எண்ணெய் எதுவும் நிறுத்தாது. ஒரே ஆறுதல், கொள்ளைநோய் என்று பேர் இருந்தாலும் பக்கத்து எஞ்சினுக்குத் தொற்றாது. வார்க்கும்போதே உள்ளே இருந்த கோளாறு அது. ஆகவே விலை உயர்ந்த பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள், படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீங்க. நேரில் போய், வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பாருங்க.

நோய் இல்லை, ஆனால் ஓடவும் இல்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. பத்துக்கு எட்டு தடவை காரணம் பழைய எண்ணெய்தான் என்பது என் அனுபவம். முப்பது வருஷம் சும்மா கிடந்த எண்ணெய் பிசின் மாதிரி இறுகி, பற்சக்கரங்களை ஒட்டிவைத்திருக்கும். மின்சாரத்தைக் கூட்டிக் கூட்டி அதை உடைக்கப் பார்க்கிறவர்கள்தான் மோட்டார் சுருளைக் கருக்குகிறார்கள். உடலைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மெதுவாக உருட்டிப் பாருங்க. இறுக்கமாக இருந்தால் சுத்திகரிப்பு பெட்ரோலை (கடையில் கறை நீக்கக் கிடைக்குமே, அதுதான்) குச்சியில் நனைத்துத் துடையுங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். முழுக்கக் காய்ந்த பிறகு, மாடல் ரயிலுக்கான மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் எடுத்து, அச்சு சுழலும் இடங்களில் மட்டும் ஒரு துளி. பல பேர் கொட்டிவிடுகிறார்கள். அதிகப்படி எண்ணெய் மோட்டாரின் கம்யூட்டேட்டருக்குப் போய், கார்பன் பிரஷ் தூளோடு சேர்ந்து கரிய சேறாகிவிடும். அந்த பிரஷ் இரண்டும் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம், விலை ரொம்பக் குறைவு. சக்கரத்தின் ரப்பர் வளையங்களும் இறுகி வெடித்திருக்கும், அவையும் கிடைக்கும். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் கிடைக்கும் என்பதுதான் இந்தப் பொம்மையின் அருமை. உங்க ஐந்து வருஷப் பழைய போனுக்கு அப்படிச் சொல்ல முடியுமா?

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஸ்டீல் கம்பளியால் தேய்க்கவே தேய்க்காதீங்க. அதன் தூளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

இப்போ நம் பாட்காஸ்ட் ஆட்கள் காத்திருக்கும் பகுதி: டிஜிட்டல் ஆக்கலாமா?

பழைய முறையில் தண்டவாளத்துக்கு எவ்வளவு வோல்ட் போகிறதோ அவ்வளவு வேகம், அதில் நிற்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்தே ஓடும். டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதே மின்சாரத்தில் கலந்தே போகும். மெர்க்லின் 1980-களின் நடுவில் கொண்டுவந்த முதல் முறை மோட்டரோலாவின் மும்மை நிலைச் சில்லை நம்பியது. நாலு இலக்கம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை, ஆக 81 சேர்க்கை. அதனால்தான் அந்தக் கால மெர்க்லினில் 80 முகவரிகள் மட்டும். பிறகு ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கி, அமெரிக்க மாடல் ரயில் சங்கம் தரநிலையாக்கிய டி.சி.சி. உலகம் முழுக்கப் பரவியது. அதில் மின்சாரம் நேர், எதிர் என்று மாறி மாறித் துடிக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி என்றால் '1', 100 மைக்ரோ நொடி என்றால் '0'. முகவரி, கட்டளை, கடைசியில் பிழை சரிபார்க்கும் ஒரு பைட். அவ்வளவுதான் பாக்கெட். நெட்வொர்க் படித்தவர்களுக்கு இது பழகிய முகம்தான்.

எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இன்னொரு வேலையும் செய்கிறது. மோட்டாருக்கான மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும்போது, இடைவெளியில் மோட்டார் ஒரு ஜெனரேட்டராகி மின்னழுத்தம் தரும். அதை அளந்து உண்மையான வேகத்தைத் தெரிந்துகொண்டு திருத்தும். எஞ்சின் நத்தை வேகத்தில் தடுமாறாமல் நகர்வது இதனால்தான்.

பழைய மெர்க்லினில் டிகோடர் பொருத்தும்போது இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அதன் மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது, கம்பிச்சுருள் காந்தம்தான். அதைக் கழற்றி நிலைக்காந்தம் வைக்கணும், இதற்கென்றே மாற்றுத் தொகுப்புகள் உண்டு. இரண்டு, மோட்டாரின் ஒரு முனை எஞ்சின் உடலோடு இணைந்திருக்கும். அந்த இணைப்பை முழுக்கத் துண்டிக்காமல் டிகோடரை இயக்கினால் அதன் ஆயுள் அரை நொடி. மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகுதான் தண்டவாளத்தில் வைக்கணும்.

எல்லாவற்றையும் மாற்றணுமா என்றால், என் அபிப்பிராயம், வேண்டாம். ஆயிரக்கணக்கில் விற்ற சாதாரண எஞ்சினை, உதாரணமாக 3000 என்ற எண் கொண்ட குட்டி நீராவி எஞ்சினை, தாராளமாக மாற்றிப் பழகுங்க. ஆனால் 1950-களின் 'முதலை', அதாவது சுவிஸ் மலைப்பாதை மின் எஞ்சினின் மாடல், அசல் பெட்டியோடு கிடைத்தால் ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்க. அப்படியே இருப்பதற்குத்தான் அதற்கு மதிப்பு. (இந்த முதலைக்கு நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. நிஜ முதலையின் இயந்திர பாகங்களைச் செய்த அதே வின்டர்தூர் எஸ்.எல்.எம். தொழிற்சாலைதான் நம்ம நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களையும் செய்து அனுப்பியது. குன்னூர்க்காரர்கள் கவனிக்க!)

கட்டுப்பாட்டுப் பெட்டி விலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு, அர்டுவினோ மெகாவும் ஒரு மோட்டார் ஷீல்டும் வைத்து டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம். உங்க டிகோடர் டி.சி.சி. புரிந்துகொள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கோங்க. கணினியில் ஓட்ட ஜே.எம்.ஆர்.ஐ. இருக்கிறது. இது சாதாரண மென்பொருள் இல்லை. அதன் டிகோடர் கோப்புகளை ஒரு கம்பெனி பெயர் குறிப்பிடாமல் எடுத்துப் பயன்படுத்த, அதை எழுதிய இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன் வழக்குப் போட்டார். ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது வெறும் ஒப்பந்த மீறல் இல்லை, காப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். நம்மில் எத்தனையோ பேர் வேலையில் நம்பியிருக்கும் சட்டப் பாதுகாப்பு, ஒரு பொம்மை ரயில் தகராறில் பிறந்தது.

கடைசியாக, எங்கே வைப்பது. ஐரோப்பிய வீட்டில் இந்தப் பெட்டிகள் போய்ச் சேரும் இடம் இரண்டு: பரண் அல்லது கெல்லர். இரண்டுமே தப்பு. பரண் கோடையில் அடுப்பு, கெல்லர் வருஷம் பூரா ஈரம். ஆட்கள் வசிக்கும் அறையிலேயே, வெயில் படாத அலமாரியில் வையுங்க. அசல் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீங்க, விற்கும்போது விலையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் பழைய ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்க, அது மக்கிப் பிசுபிசுத்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதேபோல் பிளாஸ்டிக் உறை வயர் தெர்மாகோல் மேல் நேரடியாகப் பட வேண்டாம், வருஷக்கணக்கில் கிடந்தால் தெர்மாகோலை உருக்கிவிடும். அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்க. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பத்து நிமிஷம் ஓட்டுங்க. எண்ணெய் இறுகாமல் இருக்க அதுதான் வழி, பையனுக்கும் ஒரு சாக்கு.

பெட்டி கொடுத்த பெரியவர் பக்கத்திலேயே இருந்தால், எந்த எஞ்சின் எப்போது வாங்கியது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்க. முடிந்தால் அவர் இருக்கும்போதே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க.