மணிக்கடைத் தெருவில்

ஹாங்காங் நகரில் ஷாம் சுய் போ என்னும் பகுதியிலுள்ள யூ சாவ் தெரு மணிக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. கண்ணாடி மணி, கல்மணி, கம்பி, கொக்கி, நூல் யாவும் அங்கே கிடைக்கும். பாட்டிக்கு ஒரு மாலை கோக்க விரும்பி, விடுமுறையில் அம்மாவுடன் அங்கே சென்றோம்.

கல்மணிகளைச் சுமார் 40 செ.மீ. நீளச் சரமாகக் கோத்து விற்கிறார்கள். மணி 8 மி.மீ. அளவானால் சரத்துக்கு ஏறக்குறைய 50 இருக்கும். ஒரு கழுத்துக்குப் போதும். இக்கணக்கெல்லாம் சரியாகவே போட்டோம். ஏமாந்தது நிறத்தில்!

டர்க்காய்ஸ் என்று நம்பி ஒரு நீலச் சரம் வாங்கினோம். விடுதிக்கு வந்ததும் அம்மா நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார்கள். பஞ்சு நீலமாயிற்று. மறுநாள் வேறொரு கடையில் விசாரித்தோம். அது ஹவுலைட் என்னும் வெள்ளைக்கல்லாம். அதில் இயல்பாகவே சாம்பல்நிற நரம்புகள் ஓடும். சாயத்தையும் எளிதில் உறிஞ்சும். ஆதலால் நீலச்சாயம் ஏற்றினால் டர்க்காய்ஸ் போலவே தோன்றும். துளைக்குள் உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை தெரிந்துவிடும். விலை மலிவாயிருந்தபோதே நாங்கள் ஐயுற்றிருக்க வேண்டும். “சாயமிட்டதா?” என்று நாங்கள் கேட்கவுமில்லை, விற்றவர் சொல்லவுமில்லை.

பிறகு துளை பார்த்து, கேட்டறிந்து, செவ்வந்திக்கல் சரமொன்று வாங்கினோம். பாட்டியோ நீலத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைச் சேலையோடு மட்டும் அதை அணிய நாங்கள் விடுவதில்லை.