தூசித் திரைக்குப் பின்னே

ஆடித் திங்கள் இரவில் தென்வானிலே தனுசு இராசியை நோக்குவோமாயின், பால்வழி மண்டலத்தின் நடுப்புடைப்பையே நோக்குகின்றோம். தேனடையை மொய்த்த ஈக்களென இலட்சக்கணக்கான விண்மீன்கள் பந்தாய்த் திரண்ட கொத்துக்கள் பல அங்கு உள. இடையே படர்ந்த தூசி அவற்றின் ஒளியை மறைக்கின்றது. அகச்சிவப்புக் கதிர்களோ அத்தூசியைப் பெரிதும் ஊடுருவி வரும். அவற்றைக் கொண்டே அறிஞர் ஆராய்கின்றனர்.

ஒரு கொத்தின் விண்மீன்கள் யாவும் ஒரே காலத்தில் பிறந்தவை என்பது நெடுநாளைய கொள்கை. 1968-இல் கண்டறியப்பட்ட ‘டெர்சான் 5’ அதற்கு அடங்கவில்லை. அதில் இருவகை விண்மீன்கள் கலந்திருத்தல் 2009-இல் புலனாயிற்று. அவற்றின் அகவையை 2016-இல் கணித்தனர்: ஒரு வகைக்கு ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டு, மற்றதற்கு 450 கோடியே. நம் கதிரவனின் அகவையும் ஏறக்குறைய அதுதான்! வெடித்த விண்மீன்கள் சிதறிய பொருளைச் சிறு கொத்து பற்றி வைத்தல் அரிது. ஆதலின், டெர்சான் 5 முன்னாளில் பேருருவாய் இருந்திருத்தல் வேண்டும் என்பர். நடுப்புடைப்பை ஆக்கிய பெருந்திரள்களுள் எஞ்சிய ஒன்றாகவும் அஃது இருக்கலாம்.