மேக்னிஃபையிங் லேம்ப்: எத்தனை டயாப்டர் வாங்கலாம்?

வீட்ல உக்காந்து சால்டரிங் பண்றவங்களுக்கான எபிசோட் இது.

நான் முதல்ல வாங்கினது 8 டயாப்டர் லேம்ப். எவ்வளவு பெருசா தெரியுதோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சேன். தப்பு.

கணக்கு சிம்பிள். டயாப்டரை 4-ஆல வகுத்து 1 கூட்டினா, தோராயமா எத்தனை மடங்கு பெருசா தெரியும்னு வரும். 8-க்கு 3 மடங்கு. அதே மாதிரி 100-ஐ டயாப்டரால வகுத்தா குவியத் தூரம். 8-க்கு வெறும் 12.5 செ.மீ. லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவுல அதுக்குள்ளதான் வேலை பார்க்கணும். ஒருநாள் அயர்னோட சூடான முனை பட்டு, பிளாஸ்டிக் லென்ஸ் உருகிடுச்சு.

இப்போ வச்சிருக்கிறது 5 டயாப்டர், கண்ணாடி லென்ஸ். 2.25 மடங்குதான், ஆனா 20 செ.மீ. இடம் இருக்கு. 1.6 மி.மீ. நீளமுள்ள 0603 ரெசிஸ்டரை வைக்க எனக்கு இது போதும். அதைவிடச் சின்னதுன்னா மைக்ரோஸ்கோப்புக்குப் போயிடுங்க.

லைட்டோட சிஆர்ஐ 90-க்கு மேல இருக்கட்டும். இல்லன்னா ரெசிஸ்டர்ல பிரவுன் கோடா, சிவப்புக் கோடான்னு குழம்புவீங்க.

கடைசியா ஒண்ணு. வேலை முடிஞ்சதும் லென்ஸை மூடிடுங்க. ஜன்னல் வெயில் அதுல குவிஞ்சா மேசையில தீப்பிடிக்கலாம். மூடி இல்லாத லேம்ப் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்.