தூரம் கூடியது, நேரம் குறைந்தது

தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தொலைவு சுமார் 12,400 கிலோமீட்டர். ஆயினும் பயண நேரத்தைத் தொலைவு மட்டுமே தீர்மானிப்பதில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா விமானம் ஒன்று, வழக்கமான அட்லாண்டிக் தடத்தை விடுத்து, பசிபிக் பெருங்கடலின் மேலாகச் சென்றது. ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை அது சுமார் 14.5 மணி நேரத்தில் கடந்தது. தொலைவு கூடியும் நேரம் குறைந்தது. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரையும் காற்றோட்டம் விமானத்தைப் பின்னிருந்து உந்தியதே காரணம். அதே காற்று எதிர்ப்படும் திசையில் பயணம் நீளும்.

பயணச்சீட்டில் குறிக்கப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் தில்லியின் கடிகாரம் சான் பிரான்சிஸ்கோவை விட 13.5 மணி நேரம் முந்தியிருக்கும். அங்கிருந்து ஜனவரி 10 இரவு 8 மணிக்குப் புறப்பட்டு 16 மணி நேரம் பறப்பவர், தில்லியில் இறங்குவது ஜனவரி 12 அதிகாலை 1.30 மணிக்கு. பயணக் காப்பீட்டை 11ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டவருக்கு, தரையிறங்கும் முன்பே அது காலாவதியாகிவிடக்கூடும். ஆகவே, காப்பீட்டுக்கும் விடுப்புக்கும் நாள் குறிக்குமுன், புறப்படும் நாளை அன்றி, வந்துசேரும் நாளைப் பார்ப்பதே நன்று.